கோயிலுக்கு அடியில் ஊறும் நைல்

அபு சிம்பெல் கோயிலை அறுத்தெடுத்து மேட்டில் ஏற்றி, அணை நீரிலிருந்து காப்பாற்றியது உலகம். இன்று எகிப்தின் கோயில்களை அரித்துக்கொண்டிருப்பது மண்ணுக்கடியிலிருந்து சத்தமில்லாமல் ஏறும் நீர். இதைத் தடுக்கும் வழி தெரியும். ஆனால் அதைத் தொடர்ந்து செய்வது யார் பொறுப்பு என்பதுதான் முடிவாகவில்லை.

1899 அக்டோபர் 3. லக்சர் நகரத்தை அடுத்த கார்னக் கோயிலின் பெரிய தூண் மண்டபம். முதலாம் சேத்தியும் அவர் மகன் இரண்டாம் ராம்செஸும் எழுப்பிய 134 மணற்கல் தூண்கள் ஏறத்தாழ 3,200 ஆண்டுகளாக அங்கே காடுபோல் அடர்ந்து நின்றன. அன்று அவற்றில் 11 தூண்கள் ஒன்றையொன்று மோதித் தள்ளிக்கொண்டு சரிந்தன. கல்லின்மேல் கல்லாக அடுக்கியிருந்த உருளைகள் புழுதி கிளப்பி உருண்டு குவிந்தன. மண்டபத்தின் அடித்தளம் ஆழமில்லாதது. ஆண்டாண்டாக ஊறிய நிலத்தடி நீரும் அதில் கரைந்திருந்த உப்பும் அதை நைய வைத்திருந்தன. மேலே சிற்பமும் எழுத்தும் கம்பீரமாகத் தெரிந்துகொண்டிருக்க, கீழே கல் பொடிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜார்ஜ் லெக்ரேன் விழுந்த தூண்களை மீண்டும் நிறுத்தப் பல ஆண்டுகள் பிடித்தன.

வெள்ளத்தால் ஒரு நினைவுச்சின்னம் அழிகிறது என்றதும் பெருக்கெடுத்து வரும் ஆறும் மூழ்கும் கோபுரமும்தான் நம் மனதில் தோன்றும். எகிப்து அந்த ஆபத்தையும் கண்டது, உலகமே வியக்கும்படி வென்றும் காட்டியது. ஆனால் கார்னக்கில் தூண்களைச் சாய்த்தது அந்த வகை வெள்ளமில்லை. அது அங்குலம் அங்குலமாக அடியிலிருந்து ஏறும் நீர். செய்திப் படத்தில் அது தெரியாது, அதற்காக யாரும் அவசர நிதி திரட்டுவதில்லை. முதல் வகை ஆபத்தை ஒரு மாபெரும் முயற்சியால் ஒரே தடவையில் தீர்த்துவிடலாம். இரண்டாவதற்கு நாள் தவறாத பராமரிப்பு வேண்டும். பண்டைய எகிப்தின் கோயில்கள் அடுத்த நூற்றாண்டுக்குப் போய்ச் சேருமா என்பது அந்தப் பராமரிப்பைப் பொறுத்தே இருக்கிறது.

■ உலகம் ஒன்றுகூடிய இருபது ஆண்டுகள்

முதலில் அந்த வெற்றியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நைல் ஆற்றின் குறுக்கே அஸ்வானில் ஆங்கிலேயர் கட்டிய முதல் அணை 1902-ல் முடிந்தது. அதன்பின் இரண்டு முறை உயர்த்தப்பட்டது. அணைக்கு மேலே இருந்த ஃபிலே தீவின் ஐசிஸ் கோயில் ஆண்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கிக் கிடந்தது. பயணிகள் தூண்களுக்கு நடுவே படகில் போய்ப் பார்த்தார்கள். சுவர்களில் மிஞ்சியிருந்த பழைய வண்ணம் அந்த நீரோடு போனது. 1960 ஜனவரியில் அதிபர் நாசர் ஆட்சியில் உயர் அணையின் வேலை தொடங்கியபோது ஆபத்து பல மடங்கானது. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளத்துக்கு எகிப்திலும் சூடானிலுமாக நூபியா நிலப்பகுதி முழுவதும் ஏரிக்கு அடியில் போகவிருந்தது.

இரு நாட்டு அரசுகளும் கேட்டுக்கொண்டதன்பேரில் 1960 மார்ச் 8 அன்று யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கோரியது. எகிப்தின் பண்பாட்டு அமைச்சர் சர்வத் ஒகாஷாவும் பிரெஞ்சு எகிப்தியலாளர் கிறிஸ்தியான் தெரோஷ் நோபிள்கூரும் இதற்காக ஓடியாடி ஆதரவு திரட்டினார்கள். அபு சிம்பெல்லில் மலையைக் குடைந்து செய்த ராம்செஸ் கோயிலும், அரசி நெஃபர்தாரிக்கு எடுத்த சிறிய கோயிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுக்கப்பட்டன. சில துண்டுகள் 30 டன் எடை. சிற்பம் தெரியும் பக்கத்தில் அறுப்புக் கோடு மெல்லியதாக இருக்கவேண்டும் என்பதால் அங்கே கைரம்பத்தாலேயே அறுத்தார்கள். சுமார் 65 மீட்டர் உயரத்தில், ஆற்றிலிருந்து 200 மீட்டர் பின்தள்ளி மீண்டும் பொருத்தி, 1968 செப்டம்பரில் திறந்தார்கள். அமாதா கோயிலின் ஓவியச் சுவர்களை அறுத்தால் வண்ணம் உதிர்ந்துவிடும் என்று பிரெஞ்சுப் பொறியாளர்கள் அதை முழுதாகத் தண்டவாளத்தில் ஏற்றி இரண்டரைக் கிலோமீட்டர் நகர்த்தினார்கள். ஃபிலே கோயில்கள் பக்கத்திலிருந்த அகில்கியா தீவில் மறுபிறப்பெடுத்து, 1980 மார்ச்சில் திறக்கப்பட்டன.

┌ பெட்டிச் செய்தி: நூபியா மீட்பு, சில விவரங்கள்
• பணி நடந்த காலம்: 1960 முதல் 1980 வரை.
• இடம்பெயர்த்துக் காப்பாற்றிய நினைவுச்சின்னங்கள்: 22.
• மொத்தச் செலவு: சுமார் 8 கோடி டாலர். அதில் பாதியை ஏறத்தாழ 50 நாடுகள் கொடுத்தன.
• நன்றிக்கடனாக எகிப்து கொடுத்த கோயில்கள்: தெபோத் (மாட்ரிட்), தெந்தூர் (நியூயார்க்), தஃபே (லெய்டன்), எல்லேசியா (தூரின்).
• இந்தியாவின் பங்கு: இந்தியத் தொல்லியல் துறைக் குழு பி.பி.லால் தலைமையில் 1961-62-ல் நூபியாவின் அஃபியே பகுதியில் அகழாய்வு நடத்தியது.
• 1972-ல் லண்டனில் நடந்த துத்தன்காமன் கண்காட்சியின் வருமானம் ஃபிலே மீட்புக்குப் போனது.
• இந்த முயற்சி தந்த ஊக்கம் 1972-ன் உலகப் பாரம்பரிய உடன்படிக்கைக்கு வழிகோலியது. └

இந்த வெற்றியைக் குறைத்துப் பேச எந்த நியாயமும் இல்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த நாடுகள் ஒரே மணல்வெளியில் வேலை செய்தன. ஆனால் அந்த வெற்றி விட்டுச்சென்ற எண்ணம் ஒன்று உண்டு. ஆபத்து வரும், உலகம் திரளும், பணி முடியும், நாடா வெட்டிக் கலைந்துபோவோம் என்ற எண்ணம் அது. அதே அணையின் இன்னொரு விளைவு அந்த எண்ணத்துக்குள் அடங்கவில்லை.

■ ஓதம் என்னும் பகை

உயர் அணை 1970-ல் முடிந்ததும் நைலின் ஆண்டு வெள்ளம் நின்றது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கோடையில் பெருகி, இலையுதிர் காலத்தில் வடிந்த ஆறு, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடத் தொடங்கியது. வயல்களுக்குப் பன்னிரண்டு மாதமும் பாசனம் கிடைத்தது. கரும்பு போன்ற நீர் குடிக்கும் பயிர்கள் பெருகின. கோயில்களைச் சுற்றி ஊர்கள் வளர்ந்தன, கழிவுநீரும் மண்ணில் இறங்கியது. இப்படி இறங்கிய நீர் வடிந்துபோக வெள்ளமற்ற பருவம் என்று ஒன்று இனி இல்லை. ஆகவே நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, உயர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மழைக்காலம் முடிந்து பல மாதமாகியும் வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து, வெள்ளை உப்பு பூத்து நிற்பதைப் பார்த்திருப்போம். மணற்கல் கோயிலுக்கு நடப்பதும் அதுவே. கல்லின் நுண்துளைகள் வழியாக நீர் மேலே ஏறுகிறது, வயல் மண்ணின் உப்பையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. பாலைவன வெயிலில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. மேற்பரப்புக்குச் சற்று உள்ளே, துளைகளுக்குள் வளரும் அந்தப் படிகம் கல்லை உள்ளிருந்து நெம்புகிறது. முதலில் மேல்தோல் உப்புகிறது, பிறகு செதிலாகப் பிரிகிறது, கடைசியில் பொடியாக உதிர்கிறது. எகிப்தியச் சிற்பி தன் கலையையும் எழுத்தையும் செதுக்கியது அந்த மேல்தோலில்தான். தூணின் உடல் நின்றுகொண்டே இருக்கும், அதில் எழுதியிருந்த வரலாறு தரையில் மாவாகக் கிடக்கும். அறுத்தெடுத்த கல்லை மீண்டும் பொருத்தலாம். உதிர்ந்த சித்திர எழுத்தை எந்த நாட்டுப் பொறியாளராலும் ஒட்ட முடியாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மூவாயிரம் ஆண்டுகள் நைல் வெள்ளத்தைத் தாங்கிய கோயில்கள் இப்போது மட்டும் ஏன் தாங்காது? பழைய வெள்ளம் கோயில்களுக்குள் புகுந்ததும் உண்மை. மூன்றாம் ஒசோர்கோன் காலத்தில் லக்சர் கோயிலுக்குள் நீர் புகுந்ததை அக்கோயிலின் கல்வெட்டே சொல்கிறது. 1899-ன் சரிவும் உயர் அணைக்கு எழுபது ஆண்டுகளுக்கு முந்தையது. எனவே எல்லாப் பழியையும் அணைமேல் போடுவது சரியாகாது. ஆனால் அன்றைய நீர் சில வாரம் நின்று வடிந்தது. வடியும்போது மண்ணின் உப்பில் ஒரு பகுதியைக் கழுவிக்கொண்டு போனது. பின்னர் நீண்ட வறண்ட மாதங்களில் நீர்மட்டம் ஆழத்துக்கு இறங்கியது. கல்லுக்கு ஓய்வு கிடைத்தது. இப்போது அந்த ஓய்வு இல்லை. ஈரம் நிரந்தரம், ஆவியாதலும் நிரந்தரம், உப்பின் வரவும் நிரந்தரம். பழைய காலத்தில் நூற்றாண்டுகள் பிடித்த சிதைவை ஒரு தலைமுறையிலேயே காணும் நிலை இதனால்தான் வந்தது.

■ பம்பும் வடிகாலும் செய்த வேலை

இந்தப் பகையை வெல்ல முடியும் என்பதற்கும் எகிப்திலேயே சான்று இருக்கிறது. கார்னக், லக்சர் கோயில்களைச் சுற்றிப் பூமிக்கடியில் வடிகால் அமைத்து, சேரும் நீரை நைலுக்கே இறைத்துவிடும் திட்டம் 2000-களின் நடுவில் நிறைவேறியது. அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் உதவி செய்தது. வடிவமைத்தது சுவீடனின் ஸ்வெகோ நிறுவனம். அபு சிம்பெல்லை இடம்பெயர்க்கும் திட்டத்தை வகுத்த பழைய சுவீடன் பொறியியல் நிறுவனம் பின்னாளில் இணைந்தது இந்த ஸ்வெகோவில்தான். ஒரே மரபில் வந்த பொறியாளர்களின் முதல் வேலை உலகப் புகழ் பெற்றது. இரண்டாவது வேலையைக் கோயிலுக்கு வரும் பயணிகளில் அநேகர் அறியவே மாட்டார்கள். ஆனால் கல்லின் ஆயுளைப் பொறுத்தவரை இரண்டாவதும் முதலாவதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

நீரை இறக்குவதும் கண்மூடித்தனமாகச் செய்யும் காரியமில்லை. நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் மண் அமிழ்ந்து சுவர் விரிசல் விடலாம். கல் வேகமாகக் காயும்போது உள்ளே தங்கிய உப்பு ஒரே நேரத்தில் படிகமாகி, இருந்ததையும் உதிர்க்கலாம். அதனால் மெதுவாக இறக்கி, சுவர்களைத் தொடர்ந்து அளந்து, உப்பைத் துடைத்தெடுத்துக்கொண்டே போக வேண்டும். லக்சர் கோயிலில் ஈரத் தரையில் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான செதுக்குக் கற்களை ஓதம் ஏறாத மேடைகள்மேல் எடுத்து வைத்தார்கள். 1924 முதல் லக்சர் நகரில் பணிபுரியும் சிகாகோ பல்கலைக்கழகக் கல்வெட்டாய்வுக் குழு, சுவர்களின் ஒவ்வொரு கோட்டையும் படியெடுத்து வருகிறது. கல் போனாலும் அதில் இருந்தது என்ன என்று சொல்ல அந்தப் படி மிஞ்சும். அணைச் சுவர் கட்டும் ஆர்ப்பாட்டம் இதில் எதிலும் இல்லை. ஆனால் கோயிலைக் காப்பது இந்தப் பொறுமையான உழைப்புதான்.

இன்னும் தெளிவான சான்று அபு மீனா. அலெக்சாந்திரியாவுக்குத் தென்மேற்கே பாலைவன ஓரத்தில் இருக்கும் இந்தப் பழங்காலக் கிறித்தவ யாத்திரை நகரம் 1979-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியிருந்த தரிசு நிலங்களை விளைநிலமாக்கும் திட்டத்தால் நிலத்தடி நீர் உயர்ந்தது. காய்ந்தால் கல்போல் இறுகும் அந்த ஊர்க் களிமண், நீர் ஊறியதும் குழைந்து சேறானது. மேலிருந்த கட்டடங்கள் உள்வாங்கின. புனித மேனாஸின் நிலவறைக் கல்லறை இடிந்துவிடாமல் இருக்க அதன் அடியை மணலால் நிரப்பி மூடவேண்டி வந்தது. 2001-ல் யுனெஸ்கோ இதை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வாய்க்காலும் பம்பும் அமைத்தார்கள். பின்னர் சூரிய மின்சக்தியில் இயங்கும் வடிகால் முறை வந்தது. நீர்மட்டம் இறங்கியது. 2025 ஜூலையில் அபு மீனா ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. விளக்கை அணைக்காமல் கால் நூற்றாண்டு வேலை செய்ததற்குக் கிடைத்த பலன் இது.

┌ பெட்டிச் செய்தி: நீரோடு போராடும் இடங்கள்
• கோம் ஓம்போ: முதலைக் கடவுள் சோபெக்குக்கும் ஹோரஸுக்குமான இரட்டைக் கோயில். நிலத்தடி நீரை இறக்கும் பணி நடந்தபோதே, 2018-ல், மணற்கல் ஸ்பிங்ஸ் சிலை ஒன்று கிடைத்தது.
• கோம் அல் ஷுகாஃபா, அலெக்சாந்திரியா: நீர் தேங்கிய நிலவறைக் கல்லறைகள். நீரை இறைக்கும் திட்டம் 2019-ல் முடிந்தது.
• அபிதோஸ்: சேத்தி கோயிலுக்குப் பின்னுள்ள ஒசிரியோன் கட்டடத்தில் நீர் இன்னும் நிற்கிறது.
• ஹவாரா: மூன்றாம் அமெனெம்ஹாத்தின் பிரமிடின் உள்ளறைகள் நீரில் மூழ்கியுள்ளன.
• லக்சர் மேற்குக் கரை: 1994-ல் மலைக் காட்டாற்று வெள்ளம் அரசர் பள்ளத்தாக்கில் புகுந்தது. ஈரம் பட்டால் வீங்கும் பாறைப் படுகைவரை ஆழமாகத் தோண்டிய கல்லறைகளில் தூண்கள் வெடித்திருக்கின்றன. └

■ வயிறா, கல்லா?

இதற்கெல்லாம் எதிராக வரும் வலுவான வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மனிதர்கள் பசித்திருக்கும் நாட்டில் செத்த அரசர்களின் கோயில்களுக்கு ஏன் இவ்வளவு செலவு? அணை எகிப்துக்குச் செய்த நன்மை கொஞ்சமில்லை. 2,100 மெகாவாட் மின்திறன் தந்தது. 1980-களில் எத்தியோப்பியாவை வறட்சியும் பஞ்சமும் வாட்டியபோது, ஏரியில் சேமித்த நீர் எகிப்தைக் காப்பாற்றியது. ஆண்டு முழுவதும் பாசனம் பெறும் விவசாயியிடம் கோயிலுக்காக வாய்க்காலை மூடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் வயலுக்கும் கோயிலுக்கும் இங்கே உண்மையில் மோதல் இல்லை. கோயிலின் அடித்தளத்தை உப்பால் அரிக்கும் அதே ஓதம் வயலையும் உவர் நிலமாக்குகிறது. வீடுகளின் சுவரையும் அரிக்கிறது. வடிகால் இல்லாத பாசனம் கடைசியில் பயிருக்கே எதிரியாகும். கோயிலைச் சுற்றியுள்ள வயல்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனமும், ஊருக்கு ஒழுங்கான கழிவுநீர்க் குழாயும் வந்தால் மூவருக்கும் நன்மை. எனவே பழங்கோயில் பாதுகாப்பைத் தொல்லியல் துறையின் தனிக் கவலையாக ஒதுக்காமல், பாசனத் துறையின் கணக்கிலும் நகராட்சியின் கணக்கிலும் எழுத வேண்டும். வாய்க்கால் வெட்டும் முன்பே வடிகாலுக்குப் பணம் ஒதுக்குவது, கோயில் கெட்டபின் வெளிநாட்டிடம் கையேந்துவதைவிட மலிவு.

மனிதர்களைப் பற்றிய இன்னொரு கேள்விக்குப் பதில் கடினமானது. கற்களைக் காப்பாற்ற உலகம் திரண்ட அதே ஆண்டுகளில், எகிப்தின் நூபிய மக்கள் ஏறத்தாழ 50,000 பேர் தங்கள் ஆற்றங்கரை ஊர்களை விட்டுக் கோம் ஓம்போவை அடுத்த புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சூடானிலும் அதே அளவு மக்கள் வாடி ஹல்ஃபாவிலிருந்து தொலைதூரத்துக்குப் பெயர்ந்தார்கள். பேரீச்சந்தோப்பும் முன்னோர் கல்லறைகளும் நீருக்கடியில் போயின. அவர்களைப் பழைய நிலப்பகுதிக்குத் திரும்பக் குடியமர்த்தும் திட்டத்தைப் பத்து ஆண்டுகளுக்குள் நிறைவேற்றுவதாக எகிப்தின் 2014 அரசியல் சட்டம் வாக்களித்தது. அந்தப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன, வாக்கு நிறைவேறவில்லை. கோயில்களை மீட்டது தவறு என்று இதற்குப் பொருளில்லை. கோயிலுக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை அந்தக் கோயிலின் அண்டைவீட்டாருக்குக் காட்டத் தவறியதுதான் தவறு. மேலும், ஒரு கோயிலின் அடியில் ஈரம் ஏறுவதை முதலில் காண்பவர் பக்கத்து வயலில் நிற்பவர். அவரைப் பாதுகாவலராகச் சேர்க்காத எந்தத் திட்டமும் நீண்ட நாள் ஓடாது.

■ இடம்பெயர்த்தல் எல்லாவற்றையும் காக்காது

ஓதத்துக்குப் பயந்து கோயில்களையே உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நூபியா அதற்கும் பாடம் வைத்திருக்கிறது. கல் கோயில்கள் பெயர்ந்தன. ஆனால் இரண்டாம் நீர்வீழ்ச்சிப் பகுதியில் எகிப்தியர் மண் செங்கல்லால் எழுப்பிய பூஹேன் பெருங்கோட்டை இடம்பெயரவில்லை. நனைந்தால் கரையும் செங்கல்லை அறுத்துத் தூக்க முடியாது. அதன் கோயில் மட்டும் கார்ட்டூமுக்குப் போனது, கோட்டை ஏரிக்கடியில் போனது. ஃபராஸ் பேராலயத்திலிருந்து போலந்துக் குழு கழற்றி எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் வார்சாவிலும் கார்ட்டூமிலும் பிரிந்து கிடக்கின்றன. 2023-ல் சூடானில் போர் மூண்டபின் கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. பாதுகாப்பான இடம் என்று நம்பிய இடமும் என்றைக்கும் பாதுகாப்பாக இருப்பதில்லை. கார்னக் போன்ற ஒரு கோயில் நகரத்தை அறுத்து நகர்த்துவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமும் இல்லை. வேறு வழி இல்லாதபோது மட்டும் கையிலெடுக்க வேண்டிய கடைசி மருந்து இடம்பெயர்த்தல். நீர்மட்டத்தைக் கட்டுக்குள் வைக்க முடிகிற இடத்தில் அதற்கு அவசியமில்லை.

■ பம்பை யார் ஓட்டுவது?

ஆக, நோய் தெரியும், மருந்தும் தெரியும். இனி எஞ்சியிருப்பது பணமும் பொறுப்பும். கார்னக், லக்சர், கோம் ஓம்போ, கோம் அல் ஷுகாஃபா என்று பெரிய வடிகால் திட்டங்கள் பலவற்றுக்கும் பணம் தந்தது யுஎஸ்எய்ட். அமெரிக்க அரசின் முடிவால் 2025 ஜூலையில் அது தனி அமைப்பாக இயங்குவதையே நிறுத்திக்கொண்டது. ஒரு நாட்டின் அரசியல் மாற்றம் இன்னொரு நாட்டின் கோயில் அடித்தளம்வரை போய்த் தொடும் நிலை இது. குழாய் பதிப்பதற்கு உதவி கிடைக்கும், திறப்பு விழாவில் கொடியும் பெயர்ப்பலகையும் வைக்கலாம். ஆனால் பம்புக்கு மின்சாரம், தேய்ந்த உதிரிபாகம், வடிகாலில் சேரும் வண்டலைத் தூர்வாருதல், நீர்மட்டத்தை மாதாமாதம் அளக்கும் ஆள் ஆகியவற்றுக்கு நன்கொடை தர யாரும் வரிசையில் நிற்பதில்லை. பம்பு நின்றால் ஓதம் மீண்டும் ஏறும். கல் அந்த இடைவெளியை மன்னிக்காது.

இந்தக் கோயில்களைப் பார்க்க ஆண்டுதோறும் உலகெங்குமிருந்து இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு நிலையான பங்கை அந்தந்தக் கோயிலின் வடிகால் பராமரிப்புக்கு மட்டும் என்று சட்டப்படி ஒதுக்க வேண்டும். யுனெஸ்கோவும் உதவும் நாடுகளும் ஒரு திட்டத்துக்குப் பணம் தரும்போது, கட்டுமானச் செலவோடு இருபது ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒவ்வொரு பெரிய கோயிலின் நீர்மட்டமும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். 1960-ல் உலகம் தன் கடமையை உணர்ந்தது, அதற்காக இருபது ஆண்டு உழைத்தது. அபு சிம்பெல் இன்று நிற்பது அந்த உழைப்பால். கார்னக் நிற்க வேண்டுமானால் அந்த உழைப்புக்கு முடிவுத் தேதி குறிக்கக் கூடாது.